தண்டபாணிக்கு ஒரு வியாதி வேண்டும்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை, ஒட்டுக் கேட்டேன். ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஒரு கிளினிக்கில் பிரஷர் பார்த்துக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். சரியாகச் சாத்தாத கதவுக்கு அந்தப் பக்கம் கொங்குத் தமிழில் ஓர் ஆண்குரல் டாக்டரிடம் கெஞ்சியது: "இன்னுங் கொஞ்சம் நல்லாப் பாருங்க மேடம். ஏதாச்சும் ஒரு வியாதி இருக்குமுங்க."

வியாதி இருக்கக் கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இப்படி ஒருவன். முகத்தைப் பார்ப்பதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே முகம், பெயர், பெண்டாட்டி எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'தக்காணத்துப் பாறைகள்மீது பொன்வெயில் படர, தண்டபாணியின் உள்ளத்திலும் ஏதோ ஒரு...'

அடித்துவிட்டேன். போர்வெல் போடுகிறவனுக்குப் பாறை பொன்னாகத் தெரியாது. எவ்வளவு டீசல் தின்னும் என்றுதான் தெரியும்.

சரி, நேராகச் சொல்கிறேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஹைதராபாத் வந்தவன் தண்டபாணி. லீவரைப் பிடித்து ஓட்டுவது அவன் வேலை. பூமிக்குள் போகும் பிட்டை, அதாவது துளைபோடும் முனையை, கண்ணால் பார்க்க முடியாது. லீவரில் வரும் அதிர்வை உள்ளங்கையில் வாங்கித்தான் கல்லா மண்ணா, பிட் சிக்கியதா ஓடுகிறதா என்று சொல்ல வேண்டும்.

சில மாதமாக அவனுக்குக் காரணமே இல்லாத பதற்றம். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, சும்மா நின்றாலும் வியர்க்கிறது. போன வாரம் அல்வாலில் ஒரு வீட்டு வாசலில் ஓட்டும்போது லீவர் உதறியது. பிட் சிக்கிவிட்டது என்று கத்தி, குழிக்குள் இறக்கிய இரும்புக் குழாய் ராடுகளையெல்லாம் மேலே ஏற்றவைத்தான். அந்த அவசரத்தில் ஒரு ராடு சடாரென்று இறங்கி, ராடு கழற்றிக்கொண்டிருந்த குமரவேலின் கையுறையைப்* பிய்த்துக்கொண்டு போனது. கை தப்பியது. குமரவேல், தண்டபாணியின் மனைவிக்குத் தம்பி.

கடைசியில் பிட் ஒரு குறையும் இல்லாமல் மேலே வந்தது.

"லீவர் உதறலை மச்சான்," என்றான் குமரவேல். "நீங்கதான் உதறுறீங்க."

(* ரிக் வேலையில் கையுறை போடுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு: பெரும்பாலும் போடமாட்டார்கள். நான்தான் போட்டுவிட்டேன். விரலைப் பிய்க்க மனசு வரவில்லை.)

3

இங்கே எனக்கே ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய ஆள் வியாதி கேட்டுக் கெஞ்சுவானா?

கெஞ்சுவான். நான் வளர்ந்த தெருவில் கல்லுடைத்தால்தான் சோறு. முதுகு பிடித்துக்கொண்டால் ஒருநாள் படுக்கலாம், வெந்நீர்கூட வைத்துத் தருவார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லி யாரும் படுத்து நான் பார்த்ததில்லை. உடம்பு கெட்டவன் பாவம், பயந்தவன் பயந்தாங்கொள்ளி. தண்டபாணி கேட்டது அந்த வெந்நீரைத்தான்.

டாக்டர் நஸ்ரின் ஆம்பூர்க்காரி.

"பசி எப்படி?"

"ரெண்டாள் சோறு திங்கறனுங்க. ஆனா இளைச்சுட்டேன்."

"தைராய்டு அதிகமா சுரந்தாலும் இப்படிப் படபடக்கும். ரத்தம் குடுத்துட்டுப் போங்க. அதுல ஒண்ணும் இல்லன்னா பதற்றமே தனி வியாதியாவும் இருக்கலாம். அதுக்கும் மருந்து இருக்கு."

"அது வேண்டாமுங்க. தைராய்டே இருக்கட்டும்."

"ஹோட்டல்ல ஆர்டர் குடுக்கறீங்களா?" என்றார் டாக்டர்.

4

முடிவு ஒன்று: தைராய்டு ஏறியிருக்கிறது. மாத்திரை, ஓய்வு, மரியாதை. தண்டபாணி குமரவேலைக் கூப்பிட்டு, 'பாத்தியா மாப்ள' என்று...

முடிவு இரண்டு: ரத்தத்தில் எல்லாம் சரி. தண்டபாணி இடிந்துபோய்...

இரண்டும் ஆகாது. ரிசல்ட் நாளைச் சாயங்காலம்தான் வரும். வண்டி காலையிலேயே காஞ்சன்பாக் பக்கம் கிளம்புகிறது. இதை நானேதான் எழுதி மாட்டிக்கொண்டேன்.

5

"தைராய்டுங்களா? அது பொம்பளைங்களுக்கு வர்றதுங்களே," என்றாள் அன்று ராத்திரி மனைவி கோகிலா.

"எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது."

"இல்லைன்னு வந்துட்டா?"

"அப்பறம் நான் பயந்தவன்னு ஆயிரும்."

"இத்தனை நாள் என்னவா இருந்தீங்களாம்? கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல ஏறுனது யாருங்க?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"வியாதிக்குப் பேரு மெதுவா வரட்டுங்க. என்ற தம்பி கை நாளைக்குக் காத்தாலயும் அந்த ராடுலதான இருக்கும்."

6

ஒருநாள்தானே, வாயை மூடிக்கொண்டு ஓட்டட்டும் என்றுதான் எழுதப் பார்த்தேன். அவனைக் காலையில் வண்டி ஏற்றினேன், இறக்கினேன், லீவர் வரைக்கும் நடக்கவைத்தேன். அதற்குமேல் வரமாட்டேன் என்றுவிட்டான்.

"மாப்ள, இன்னிக்கு லீவருக்கு வேற ஆளப் போடு."

"ஏன் மச்சான்?"

"கை நடுங்குது."

"என்ன வியாதியாம்?"

"தெரியலை. வியாதியான்னே தெரியலை."

குமரவேல் ராடைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் என்ன பதில் சொன்னான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட வார்த்தை தாராளமாகப் போடலாம், ரிக்கில் அது சகஜம். ரத்தத்தில் என்ன வந்தது என்பதையும் உங்கள் இஷ்டத்துக்கே விடுகிறேன். தண்டபாணியைத் திரும்ப லீவரிடம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். 'தெரியலை' என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வர அவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எழுத எனக்குத் தைரியம் போதவில்லை.