சமையலறைப் பேய்

எனக்குப் பயம் என்பது கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, தொழில் அப்படி. நான் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, காலுக்குக் கீழே இருட்டை வைத்துக்கொண்டு போல்ட் முடுக்குகிறவன். ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவே நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டபோது நிம்மதியாகத் தூங்கியே விட்டேன். அதனால் அந்தச் சனிக்கிழமை காலை என் மகள், "இருக்கறதுலயே ரொம்ப பயமான பேய் கேம் எதுன்னு கண்டுபிடிக்கணும்ப்பா" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நீங்க எதுக்கு?" என்றாள்.

"எனக்கே பயம் வந்துச்சுன்னா அது நல்ல கேம்னு வெச்சுக்கோ."

"அப்ப இன்னிக்கு செலக்ட் பண்ணின மாதிரிதான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவளுடைய கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் வருவதாக இருந்தார்கள். வழியனுப்பும் விருந்து. ஆளுக்கொரு தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு பேய் விளையாட்டை ஒரே மூச்சில் முடிப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். வழியனுப்புவது எங்களைத்தான். எனக்கு வேறு ஊரில் மேற்பார்வையாளர் பதவி கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். கம்பெனி ஒரு சம்மதப் படிவம் அனுப்பியிருந்தது. அதில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கீழே மனைவி கையெழுத்துப் போட ஒரு கோடு காலியாக இருந்தது. திங்கட்கிழமை காலை அது அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பறந்துவிடக் கூடாதே என்று அதைக் கீபோர்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தேன்.

காலியாக இருந்தால் என்ன, அவள் போட்டுவிடுவாள். விஷயத்தைச் சொன்ன அன்றைக்கே "சரிங்க" என்றாள். என் மனைவி தங்கமானவள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவை குரலை உயர்த்தியதில்லை. குரல்தான் அவளுடைய தொழிலும். ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் அறிவிப்புகளுக்குக் குரல் கொடுக்கிறாள். போன் செய்தால் "தயவுசெய்து காத்திருங்கள்" என்று கேட்குமே, அது அவள். எங்கள் கம்பெனி லிஃப்டுக்குள் "ஐந்தாம் தளம், கதவு திறக்கிறது" என்று கேட்பதும் அவள்தான். நான் நாள் முழுக்க என் மனைவியின் குரலைக் கேட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அன்றும் அவள் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு மணிக்கு வந்துவிடுவாள்.

விளையாட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தோம். எல்லாவற்றுக்கும் இலவசச் சாம்பிள் இருந்தது. முதலாவதில் செத்தவர்கள் தெருவெல்லாம் இழுத்து இழுத்து நடந்தார்கள். ஒருவனுக்குத் தாடை தொங்கியது. "இவன் பல் டாக்டர்ட்ட போக வேண்டியவன்" என்றேன். இரண்டாவதில் ஆளில்லாத ஆஸ்பத்திரி, கையில் ஊசியோடு ஒரு நர்ஸ். அவள் வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மூன்றாவதில் ஒரு பொம்மை தலையை முழுச் சுற்றுச் சுற்றியது. எண்ணெய் போட்ட மாதிரி நன்றாகத்தான் சுற்றியது.

நாலாவதில்தான் எனக்குக் கோபமே வந்தது. ஒரு பழைய லிஃப்ட், கம்பி அறுந்து பன்னிரண்டு மாடி கீழே விழுகிறது.

"கம்பி அறுந்தா லிஃப்ட் விழாதுடி. பக்கத்துல பிரேக் இருக்கு, கப்புனு பிடிச்சுக்கும். எவன் இத செஞ்சது?"

"அப்பா, இது பேய் கேம்."

"பேயா இருந்தாலும் பிரேக் பிடிக்கும்."

மகள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "கடைசியா ஒண்ணு பாக்கலாம். இதுக்கும் நீங்க சிரிச்சா, எந்திரிச்சுப் போயிடணும். சரியா?"

ஐந்தாவது ஏதோ தூர தேசத்துக் கம்பெனி செய்தது. பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. ஒரு வீடு, கையில் ஒரு டார்ச், கண்டுபிடிக்க ஒரு சாவி. விளையாடியவர்கள் கீழே எழுதியிருந்ததை மகள் படித்துச் சொன்னாள். சமையலறையைத் தாண்டிப் போனவர்கள் ரொம்பக் குறைவாம். அங்கே இருக்கும் பேய் என்ன மொழி பேசுகிறது என்று யாருக்கும் தெரியவில்லையாம். கம்பெனிக்காரர்கள் கண்டபடி உளறவிட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'அவள் சொல்வது ஒன்றும் புரியவில்லை, ஆனால் சொல்வது பொய்யில்லை' என்று இன்னொருவர்.

"நல்லா கிளப்பி விட்டிருக்காங்க," என்று மௌஸை நான் வாங்கிக்கொண்டேன்.

நடையைக் கடந்து சமையலறைக்குள் போனேன். ஒரு மேசை. அதன் முன்னால் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீளமான முடி, நைந்துபோன வெள்ளை உடை. எல்லாப் பேய்க்கும் ஒரே தையல்காரர் போலிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஸ்பீக்கரில் மெதுவாக மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரே ஒரு சொல்.

"சரிங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மௌஸ் கையிலிருந்து நழுவி மேசை விளிம்பில் போய் நின்றது.

"சரிங்க," என்றது பேய். "சரிங்க. சரிங்க."

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் முகம் வெளுத்திருந்தது. என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. லிஃப்டில் அந்தக் குரல் கரகரத்தால் ஸ்பீக்கரில் குறையா, ஒயரில் குறையா என்று கண்டுபிடித்துச் சரி செய்கிறவன் நான். ஆயிரம் குரலுக்கு நடுவிலும் அதை அடையாளம் சொல்வேன்.

"அப்பா," என்றாள் மகள் மெல்ல. "அது அம்மா."

மௌஸை எடுத்துக் கதவுப் பக்கம் ஓட்டினேன். அந்தச் சமையலறையைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. கதவு பூட்டியிருந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம், அடுத்து ஓர் அலறல், திரை சிவந்து அணைந்துவிட்டது. இன்னொரு தடவை போனேன். மறுபடியும் ஓடினேன், செத்தேன். மூன்றாவது தடவையும் அதே கதி. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேயறைந்தது போல என்று சொல்வார்களே, அது என்னவென்று நாற்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

மகள் திரையில் எதையோ தேடிப் படித்தாள். "ஓடக் கூடாதாம்ப்பா. ஓடினாத்தான் அடிக்குமாம். நகராம நின்னு, அது பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கணுமாம். முடிச்சா சாவிய அதுவே குடுத்துடுமாம். ஆனா நெறைய பேரால நிக்க முடியலயாம்."

"வேணாம். ஆஃப் பண்ணு."

"நான் கேக்கணும்," என்று மௌஸை அவள் பிடுங்கிக்கொண்டாள்.

நின்றாள். பேய் பேசியது. நானும் கேட்டேன், வேறு வழியில்லை.

"சரிங்க. வேற என்ன சொல்றது. இது நாலாவது வீடு. மொத வீட்டு ஜன்னலுக்குத் தச்ச திரை ரெண்டாவது வீட்ல தரையில பொரண்டுச்சு. வெட்டினேன். மூணாவது வீட்ல அது பாதி ஜன்னலத்தான் மூடுச்சு. ஒட்டுப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வந்து, கெளம்புறோம்னு சொன்னீங்க. உனக்கு இஷ்டமான்னு கேட்டீங்களா. அஞ்சாவது மாடி, ஆறாவது மாடின்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். எல்லாரும் கேட்டு எறங்கிப் போறாங்க. வீட்ல ஒரு வார்த்த பேசினா கேக்க ஆளில்ல. இந்த ஜன்னலுக்கு இப்பத்தான் திரை சரியா இருக்கு. இங்கேருந்தும் ஒரு நாள் வந்து சொல்வீங்க. நானும் சொல்வேன். சரிங்க. சரிங்க."

பிறகு கத்தினாள். சொல்லே இல்லாத கத்தல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் உடைந்து, மறுபடியும் எழுந்தது. இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்தவளின் தொண்டையில் இப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன். வெளிர் நீலத் திரை, தரைக்கு ஒரு விரல் மேலே கச்சிதமாக நின்றது. இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. அன்றுதான் அதன் நிறத்தைப் பார்த்தேன்.

அப்போது இன்னொன்று நினைவுக்கு வந்து என்னை நிலைகுலைய வைத்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை அவளுக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. பேச்சே வரவில்லை. வேலை அதிகம் என்று தாளில் எழுதிக் காட்டினாள். உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கச் சொன்னேன். அதுவும் மூன்றாம் நாள்தான் சொன்னேன். முதல் இரண்டு நாள் அவளுக்குக் குரல் இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள், எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இரண்டு மணிக்குச் சாவி திருகும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் திடுக்கிட்டு எழுந்து நின்றோம். மகள் நிறுத்தி வைத்திருந்த திரையில் அந்த வெள்ளை உடைக்காரி அப்படியே இருந்தாள். என் மனைவி கைப்பையை மாட்டிவிட்டு வந்தாள், திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"ஓ, இது வந்துடுச்சா?" என்றாள்.

"நீதானாம்மா?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"நான்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஸ்டுடியோவுல, எழுதிக் குடுக்க ஒண்ணுமில்ல, உங்க பாஷையில மனசுக்கு வந்தத பொலம்புங்க, கத்துங்கன்னு சொன்னாங்க. வாங்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாது, யாரும் கேக்கப் போறதில்லன்னாங்க. சரின்னு உள்ள போய் நின்னேன்." கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "ஒரே டேக்ல முடிஞ்சுடுச்சு."

சொல்லிவிட்டு, கீபோர்டுக்கு அடியிலிருந்து அந்தப் படிவத்தை உருவினாள். பேனாவைத் தேடி எடுத்து மூடியைக் கழற்றினாள். "இதுலதான கையெழுத்துப் போடணும்னீங்க? எங்க, இந்தக் கோட்டுலயா?"

அந்த நிமிடம் எனக்கு வந்த பயத்தை என்னவென்று சொல்ல. பேனா முனை தாளைத் தொடப் போகிறது, 'சரிங்க' வரப் போகிறது, அது வந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"இரு," என்றேன். "நாம அங்க போலாமா? உனக்கு இஷ்டமா?"

பேனா அந்தரத்தில் நின்றது. என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டுப் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"இல்லைங்க," என்றாள். கதவு திறக்கிறது என்று சொல்வாளே, அதே அமைதியான குரல்.

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. இல்லை என்றுதான் சொல்வாள் என்று தெரிந்தேதான் கேட்டேன். ஆனாலும் காதில் விழுந்தபோது காலுக்குக் கீழே தரையைக் காணோம். பழக்கதோஷம், வாய் தன்னால் திறந்தது. "அதில்லம்மா, அங்க போய் எல்லாம் பேசிக்கலாம்" என்று சொல்லியபடியே வாசல் பக்கம் ஓர் அடி வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் வழக்கம்.

"நகராதீங்கப்பா," என்றாள் மகள், கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து. "முடிக்கட்டும்."

நின்றேன்.

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பேசினாள். கத்தவில்லை. முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது வீட்டில் அவள் விட்டுவிட்டு வந்த வேலை, மூன்றாவது வீட்டில் கிடைத்த ஒரே தோழி, இந்த ஊரில் அவளாகத் தேடிப் பிடித்த ஒலிப்பதிவுக் கூடம். நடுவில் இரண்டு தடவை குறுக்கே பேச வாயெடுத்தேன். இரண்டு தடவையும் மகள் தொண்டையைச் செருமினாள். மணி இரண்டரை ஆனது.

"அவ்வளவுதான்," என்று முடித்தாள். "நீங்க போறதா இருந்தா போங்க. நானும் இவளும் இங்கதான் இருப்போம். இல்லன்னா திங்கட்கிழமை காலையில போன் பண்ணி, எனக்கு அந்த வேலை வேண்டாம்னு சொல்லிடுங்க. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்தான். இதுல மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்."

பதினைந்து வருடம் காத்திருந்து கிடைத்த பதவி. அதை நினைக்காமல் இல்லை. நினைத்தேன், வலித்தது. ஜன்னலில் திரை லேசாக ஆடியது.

"சரிங்க," என்றேன்.

அவளை நான் மரியாதை போட்டுப் பேசியதில்லை. அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. மகள் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டாள். என் மனைவி சிரிக்கவில்லை.

"எதுக்குச் சரி?" என்று கேட்டாள்.

அவள் சொன்ன ஆயிரம் 'சரிங்க'வில் ஒன்றுக்காவது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டதில்லை. அவளுக்கு என் ஒரே ஒரு 'சரி' போதவில்லை.

"போன் பண்றதுக்கு," என்றேன்.