சப்ரிக்குப் பின்னால் வந்தது

என் மனைவி சுலாஃபாவுக்கு வாய் நீளம் என்று இர்பித் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் பெருமைதான். பிடிக்காதவர்கள் என் கடையை விட்டுவிட்டு வேறு கடையில் ஃபலாஃபில் வடை வாங்கித் தின்னட்டும்.

எங்கள் பக்கம் மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயர்தான்; அப்பாவைக் கூப்பிடுவதும் அந்த மகன் பெயரை வைத்துத்தான். என் அப்பா பெயர் சப்ரி. அதனால் கல்யாணமான மறுநாளே தெரு என்னை அபூ சப்ரி, அதாவது சப்ரியின் அப்பா, ஆக்கிவிட்டது. போன வருஷம் சப்ரி ஐந்தாம் மாதத்திலேயே வந்தான், மூச்சில்லாமல். பெயர் வைத்து அடக்கம் செய்தேன். அதற்குப் பிறகு ஒருத்தர் விடாமல் என்னை வெறும் ஹாத்திம் என்றே கூப்பிட்டார்கள். மனசு நோகக் கூடாதாம்!

இப்போது சுலாஃபா மறுபடி முழுகாமல் இருந்தாள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"கருவோட பை தெரியுது. துடிப்பு தெரியல. நாள் கணக்கு முன்னப்பின்ன இருக்கலாம். கரு வளராம நின்னிருக்கவும் செய்யலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"நல்லதா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"தெரியாததைத் தெரியாதுங்கிறாங்க. அவங்களை ஏன் படுத்துறீங்க?" என்று சுலாஃபா அதட்டினாள்.

வண்டியில் ஏறியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை அவளும் விடவில்லை.

அந்த இரண்டு வாரமும் எனக்கு வேலையே ஓடவில்லை. உப்பு போடாமல் பொரித்து ஊரெல்லாம் திட்டு வாங்கினேன். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. சுலாஃபாவா கேட்பாள்? ஒரு நாள் அவள் கடையில் நிற்கும்போது, பக்கத்துக் கறிக்கடை அபூ ராத்திப் கத்தினார்: "ஹாத்திம், சூடா ஒரு தட்டு அனுப்புப்பா!"

"யாருண்ணே ஹாத்திம்? இவரு அபூ சப்ரி. எம்புள்ள செத்துத்தான் போனான், இல்லாமலே போயிடல. இப்ப வயித்துல இன்னொண்ணு இருக்கு. உசிரு இருக்கா இல்லையான்னு டாக்டருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தங்குனாலும் போனாலும் அது சப்ரிக்குப் பின்னால வந்தது. வாய் நிறையக் கூப்பிடுங்க!"

அபூ ராத்திப் கறிக்கத்தியைக் கீழே வைத்தார். "தப்புதான் தங்கச்சி," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அபூ சப்ரி, ஒரு தட்டு அனுப்புப்பா." இவள் என் பெண்டாட்டி என்று கூரை மேல் ஏறிக் கூவ வேண்டும்போல இருந்தது எனக்கு.

இரண்டாம் முறை டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சின்னதாக ஒரு புள்ளி படபடவென்று துடித்தது. "இருக்கு. இன்னும் கவனமாத்தான் இருக்கணும்," என்றார். இரண்டு பேரும் கேவிக் கேவி அழுதோம்.

வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "அல்லாவுக்கே புகழ்! ஆம்பளப் புள்ளயாப் பொறக்கட்டும். சப்ரின்னே வைப்போம். உங்கப்பா பேரு விளங்கணும்டா."

அம்மாவை நான் எதிர்த்துப் பேசியதே கிடையாது. ஆனால் சுலாஃபா வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"அந்தப் பேரைக் கொடுத்தாச்சு, யம்மா. சப்ரி இதுக்கு அண்ணன். இதுக்கு வேற பேரு பாருங்க."

அம்மா திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

"நீதானடா அவனைக் கையில வாங்கின," என்றாள். "முகம் யாரு மாதிரி இருந்துச்சு?"

ஒரு வருஷமாக யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"அப்பா மாதிரியேதான், யம்மா," என்றேன். "அதே நெத்தி."