கரியன் பாட்டு

எம்.பி.ஏ. முடித்தவள் மாட்டுக்குப் பாட்டுப் போடுகிறாள் என்று மத்திகிரியில் அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். பிரவீனா கவலைப்படவில்லை. பொங்கல் வந்துவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கம் ஊருக்கு ஊர் எருதுகளை ஓடவிட்டு விழா எடுப்பார்கள். பேரெடுத்த எருதுகளுக்கு இன்ஸ்டாகிராமில் தனிப் பக்கமே இருக்கிறது. அவற்றில் ஓடுவதெல்லாம் சினிமாப் பாட்டு. ஒவ்வொரு எருதுக்கும் அதன் பேரிலேயே ஒரு பாட்டு இருந்தால் என்ன? எருதுக்காரர்களுக்குப் பாட்டுக் கட்டி விற்கும் கம்பெனி அப்படித்தான் பிறந்தது. கல்லூரி நண்பன் பூபதி கியர் கம்பெனி ஷிப்ட் முடித்து வந்து, சுவரெல்லாம் மெத்தை சாத்திய வாடகை அறையில் மெட்டுக் கட்டிப் பாடுவான். முதலீடு கிடைத்ததும் வேலையை விட்டுவிடுவதாக இருந்தான்.

முதலீட்டுக்காரர் பெங்களூரில் இருந்தார். இப்போது செல்போனே பாட்டுக் கட்டித் தருகிறதே, உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். உரிமை மிஞ்சும் என்றாள் பிரவீனா. பாட்டு கம்பெனியின் சொத்து. எங்களைக் கேட்காமல் யாரும் தொட முடியாது. படித்த படிப்பு அப்படிப் பேச வைத்தது. இந்த வருஷத்து விழாக்கள் முடியட்டும், சொல்கிறேன் என்றார் அவர்.

முதல் பாட்டு ஜவளகிரி நாராயணப்பனின் எருது கரியனுக்கு. தமிழில் தொடங்கி, தெலுங்கில் தாவி, கன்னடத்தில் முடிகிற பாட்டு. அதை இணையத்தில் ஏற்றும்போது, வேறு யார் பயன்படுத்தினாலும் தடுக்கும்படி அவளே குறி போட்டு வைத்தாள்.

விழாவன்று கரியனின் ஓட்டத்தை ஊரே படம் பிடித்தது. அந்தப் பாட்டைச் சேர்த்து ஏற்றிய வீடியோவெல்லாம் பொழுது சாய்வதற்குள் ஊமையாகிவிட்டன.

மறுநாள் நாராயணப்பன் பைக்கில் வந்து இறங்கினார்.

"பக்கத்து ஊர்க்காரன் போன் போட்டுச் சிரிக்கிறாம்மா. உன் எருதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா, சுக்குக் கஷாயம் குடுங்கறான்."

"உங்க வீடியோவுக்கு மட்டும் இப்பவே அனுமதி குடுத்துடறேங்க."

"என் எருதோட பெருமைய நானே பாடிக்கவா? ஊரான் பாடணும்மா."

அவர் போனபின் அவள் ஊமையான வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சினிமாப் பாட்டை விற்பவனுக்கு, கேட்கிற காது வேண்டும். இங்கே பாட்டு வாங்குகிறவருக்கு வேண்டியது, அதைத் திருப்பிக் கத்துகிற வாய். அந்த வாயை அடைத்துவிட்டு எதை விற்பது? அந்தத் தடுப்புக் குறியை எடுக்கப்போகிறேன் என்று பூபதியிடம் சொன்னாள். அப்புறம் பெங்களூர்க்காரரிடம் எந்த முகத்தோடு பேசுவாய் என்று அவன் சண்டை பிடித்தான். அவள் எடுத்துவிட்டாள். பெங்களூருக்குப் போன் போட்டு முதலீட்டுக்காரரிடமும் சொன்னாள்.

"அப்ப உங்க கம்பெனிக்குச் சொத்துன்னு என்ன இருக்கு?"

"இன்னும் பாட்டில்லாத எருதுங்க இருக்கு, சார்."

அவர் சிரித்தார். மனதார வாழ்த்தினார். முடியாது என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அந்த வாரக் கடைசியில் பூபதி செல்போனைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். யாரோ வேப்பனப்பள்ளிப் பையன்கள் ஏற்றிய வீடியோ. பாட்டில் கரியனின் பேரை எடுத்துவிட்டுத் தங்கள் எருதின் பேரைப் போட்டிருந்தார்கள்.

"என் குரல் மேலயே ஏறிக் கத்தறானுங்க. சந்தோஷமா?"

அவள் முழுவதும் கேட்டாள். சூறாவளித்தம்பி என்ற நீளப் பேர் மெட்டுக்குள் அடங்காமல் வழிந்துகொண்டிருந்தது. அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கே ஒரு செய்தி அனுப்பினாள்: உங்கள் எருதுக்கு இந்த மெட்டு போதாது, ஞாயிற்றுக்கிழமை மத்திகிரிக்கு வாருங்கள்.

பூபதி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். படியிறங்கும்போது, சூறாவளித்தம்பி, சூறாவளித்தம்பி என்று இரண்டு விதமாக இழுத்துப் பார்ப்பது கேட்டது.