மூச்சுக்கு டோக்கன்

சலவைக் கூடத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கூட இருந்த தங்கை கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போன பிறகு, அந்த ஒற்றை அறை வீட்டில் பேச ஆள் கிடையாது. பேசுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்க வரும். துவைத்த விரிப்பை உருளை இஸ்திரி மெஷினுக்குள் நுழைப்பது அவள் வேலை. எதிர்ப்பக்கம் சூடாக வருவதை வாங்கி மடிக்கிறவள் சரியான வாயாடி.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் இரண்டே டோக்கன்கள் தொங்கும். எடுத்துப்போனவர்கள் திரும்பும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது அநியாயம் என்று வாய்திறந்த ஒருத்தியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் ஆணி காலியாக இருந்த நேரத்தில், சர்க்கரை வியாதிக்கார அம்மா ஒருவர் நின்ற இடத்திலேயே உடையை நனைத்துக்கொண்டார். எல்லோரும் பார்க்காததுபோல வேலையைப் பார்த்தார்கள். அந்த அம்மாவே ஒரு துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார்.

மறுநாள் காலை, யாரும் கேட்காமலே ஊமைக்கோட்டான் பேச ஆரம்பித்தாள்.

"இன்னும் முந்நூறு வருஷம் கழிச்சு, கடலுக்கடியில ஒரு ஊர். அங்க மூச்சு விடணும்னா டோக்கன் வாங்கணும்."

மடிக்கிறவளின் கை நின்றது. "கிடைக்கலன்னா?"

"அடக்கிக்கணும்."

அடுத்த மெஷினில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சர்க்கரைக்கார அம்மா சிரிக்கவில்லை. தன் கூடையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. அந்த ஊரில் காற்றுக்குழாய் ரிப்பேர் பார்க்கிற ஒருத்தி இருந்தாள். காற்றுக்குப் பஞ்சமே இல்லை, யாரோ குழாயைத் திருகி வைத்திருக்கிறார்கள் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"என்ன பேச்சு இங்க?" என்று சூப்பர்வைசர் வந்தார்.

"கதை சார். கடலுக்கடியில இருக்கிற ஊர்."

"கடலுக்கடியில எவன் குடியிருக்கான்?"

"அதனாலதான் சார் கதை."

அதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது? அவரும் நின்று கேட்டார். "அந்த டோக்கன் குடுக்கிற ஆளு, அவன் எப்படி?"

"பாவம் சார். அவருக்கும் மூச்சு அளந்துதான்."

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் அவளைக் கறை அறைக்கு மாற்றினார்கள். "மேலேருந்து சொல்லிட்டாங்க" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கறை அறையில் ஒரு தொட்டி, ஒரு ஜன்னல், மருந்து நெடி. நெடி வெளியே போகாமலிருக்கக் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும். ரத்தக்கறையைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, விரல் மரத்துப்போகும்வரை தேய்ப்பாள். கதையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கேட்கக் காது இல்லாமல் அது நகரமாட்டேன் என்றது. தங்கையிடம் போனில் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, உனக்கு உடம்பு சரியில்லையா? தனியா இருந்து இருந்து என்னவோ ஆயிட்ட. ஒரு டாக்டரைப் பாரேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

ஒரு நாள் கறைத்துணி மூட்டையோடு சர்க்கரைக்கார அம்மா வந்தார். "உன் கதையை மடிக்கிறவ எடுத்துக்கிட்டா, தெரியுமா? குழாய்க்காரி செத்துட்டா."

"செத்துட்டாளா? யாரைக் கேட்டு கொன்னா?"

"நாங்க எல்லாரும் அழுதோம்" என்றார் அந்த அம்மா, ஏதோ சமாதானம் சொல்வதுபோல.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. பெற்ற பிள்ளையை எவள் வீட்டிலோ வளர்க்கக் கொடுத்ததுபோல இருந்தது.

பிறகு ஒரு காலை, சுவருக்கு அந்தப்பக்கம் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கதவைத் திறந்து பார்த்தாள். எல்லாப் பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மெஷினை ஓட்டுங்க" என்றார் சூப்பர்வைசர்.

"மூச்சு வாங்குறோம் சார்" என்றாள் மடிக்கிறவள்.

ஊமைக்கோட்டான் ஈரக் கையுறையோடு போய்த் தன் பழைய இடத்தைத் தேடினாள். அங்கே வேறொருத்தி நின்றிருந்தாள். வரிசையின் கடைசியில், தூணோரமாக நின்றுகொண்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விரிப்பு மலைபோலக் குவிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். யாரை வெளியே அனுப்புவது என்று மேலிடத்துக்குத் தெரியவில்லை. எல்லோரையும் அனுப்ப முடியாதே. சாயங்காலம் சூப்பர்வைசர் டோக்கன்களைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவரும் ஒரு பெருமூச்சு விட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

டோக்கன் போயிற்று. அவள் கறை அறையிலேயே இருந்தாள். கூடத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு நடுவயதுப் பெண் மூட்டையை இறக்கிவிட்டுக் கதவோரம் தயங்கி நின்றாள்.

"இங்க ஒரு கதை சொல்றாங்களே, கேட்டிருக்கீங்களா? கடலுக்கடியில ஊரு?"

என்னுடையது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இவளிடம் சொன்னால், மேற்கொண்டு கதையைச் சொல்லாமல் மரியாதையாகப் போய்விடுவாள்.

"இல்லையே."

"ஐயோ, கேக்கணுமே நீங்க! அங்க குழாய்க்காரின்னு ஒருத்தி. செத்துட்டான்னு நினைச்சாங்க. சாகலையாம்."

அவள் தொட்டித் தண்ணீரை நிறுத்தினாள். கையுறையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வந்தவள் உட்கார, துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

"அப்புறம்?" என்றாள்.