சத்தம் போடாத ஸ்பூன்

முதல் விசாரணையில் இருந்தவர்கள்:

அட்மின் மேனேஜர்.
வாடிக்கையாளர் நிறுவனம் அனுப்பிய ஆய்வாளர்.
வாசல் காவலுக்கு நிற்கும் அக்கா.
அலுவலகப் பசுமைக் குழுவின் சார்பில் நான்.
அட்டைப்பெட்டி நிறைய எவர்சில்வர் ஸ்பூன்கள்.

1

இந்தக் கதை நான் வாயைத் திறக்காததிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டாவது விசாரணை இன்று பதினொரு மணிக்கு. அக்காவுக்கு வேலை உண்டா இல்லையா என்று அதில் சொல்லிவிடுவார்கள். இப்போது பத்து இருபது. அலுவலக வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மர ஸ்பூன் வந்த பெட்டி ஒன்றைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் செய்கிற வேலையா என்றால், இல்லை.

2

முதல் தொடக்கம்: 'பூமியைக் காப்பாற்றுவது என்று எங்கள் அலுவலகம் தீர்மானித்த அன்று...'

வேண்டாம். பூமியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், குப்பைக்கூடை வழிய வழியக் கிடந்த பிளாஸ்டிக் ஸ்பூன்களைப் பார்த்து முகம் சுளித்தார். அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: 'எங்கள் தளத்துக்குள் உலோகம் போகக் கூடாது.' இது பரவாயில்லை. அடுத்தவர்களுடைய வங்கி விவரங்களைப் பார்க்கிற வேலை. செல்போன், பேனா, காகிதம் எதுவும் உள்ளே வராது. வாசலில் ஒரு கருவி நிற்கிறது. உலோகம் கடந்தால் கத்தும். சாப்பாட்டு அறை வாசலுக்கு உள்ளே இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடமும் பிளாஸ்டிக்.

பசுமைக் குழு மாற்றுத் தேடியது. தானிய மாவில் செய்த ஸ்பூன் வந்தது. சூப்பில் விட்டால் ஸ்பூனையும் சேர்த்துக் குடிக்க வேண்டியிருந்தது. மர ஸ்பூனைத் தேர்ந்தெடுத்தது நான்.*

* சோதித்துப் பார்த்தது ஐஸ்கிரீமில். சூட்டில் நனைந்தால் நார் நாராகப் பிரியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

3

மூன்றாம் நாள் என் ஈறில் மரச் சிலாம்பு ஏறியது. நாலாம் நாள் வீட்டிலிருந்து எவர்சில்வர் ஸ்பூன் கொண்டுபோனேன். கருவி கத்தியது. அக்கா என் சட்டைப்பையிலிருந்து அதை இரண்டு விரலால் தூக்கினார்.

“என்ன தம்பி இது?”

வாயைத் திறந்து ஈறைக் காட்டினேன்.

“சீ, மூடு. இன்னைக்கு ஸ்பூனு. நாளைக்கு எவனாவது குக்கரைத் தூக்கிட்டு வருவான்.”

ஆனாலும் விட்டார். விட்டதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் தளத்தில் பாதிப் பேரிடம் ஸ்பூன் இருந்தது. மத்தியானம் வெளியே லாக்கரிலிருந்து சாப்பாட்டையும் ஸ்பூனையும் எடுத்துவரும்போது கருவி ஓயாமல் கத்தியது. வரிசை மாடிப்படி வரை நீண்டது. அந்தக் கால் மணி நேரம் மட்டும் அக்கா கருவியை அணைத்து வைக்க ஆரம்பித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் சரியாக அந்த நேரம் பார்த்துத் தன் செல்போனோடு உள்ளே நடந்து போனார். கூட்டத்தில் அக்கா கவனிக்கவில்லை. கத்தக் கருவி இல்லை. அன்றே எல்லோருடைய ஸ்பூன்களையும் பிடுங்கி ஒரு பெட்டியில் போட்டார்கள்.

4

இந்த அக்கா பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் அவருக்கு நோயாளிக் குழந்தை ஒன்று கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவருக்கு இருப்பது பஸ் ஓட்டும் கணவரும், போன் செய்தால் எடுக்காத ஒரு மகளும். இந்த வேலை அவருக்கு வேண்டும், ஏனென்றால் பிடித்திருக்கிறது. ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்படிப்பட்டவர் கருவியை ஏன் அணைத்தார்?

[இங்கே மூன்று வரி விட்டிருந்தேன். இப்போது நிரப்புகிறேன். அணைப்பதற்கு முதல் நாள் அவர் என்னிடம், “சாப்பாட்டு நேரம் மட்டும் மிஷினை அணைக்கலாமான்னு அட்மின்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு தம்பி, நீதான் குழுவுல இருக்க” என்றார். மறுநாள் காலையில் நான், “பேசிட்டேன்க்கா, சரின்னுட்டாங்க” என்றேன். பேசவில்லை. மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.]

விசாரணையில் மேனேஜர், யார் சொல்லி அணைத்தீர்கள் என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

“ஸ்பூன் தானா போய் மிஷினை அணைக்கலைங்க. நான்தான் அணைச்சேன்.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்த இடைவெளி எனக்காக விடப்பட்டது என்று நினைக்கிறேன். நான் பெட்டியில் இருந்த என் ஸ்பூனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

5

முடிவுகள்.

அ. நான் சொல்லிவிடுகிறேன். அனுமதி இருப்பதாக நம்பித்தான் அணைத்தார் என்று பதிவாகி, எச்சரிக்கையோடு அக்கா வாசலுக்குத் திரும்புகிறார். என் வேலை போகிறது.

ஆ. நான் சொல்லவில்லை. புதிதாக ஒருவர் வாசலில் நிற்கிறார். நான் தினமும் அவருக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறேன், மர ஸ்பூனோடு.

இ. இதை எழுதும்போதுதான் உறைத்தது. அந்தப் பெட்டி ஸ்பூன்களை அப்படியே உள்ளே சாப்பாட்டு அறையில் வைத்துவிட்டால்? கழுவித் துடைத்து, அங்கேயே. வாசலைத் தாண்டாத ஸ்பூன் சத்தம் போடாது. மாதக்கணக்கில் மாவையும் மரத்தையும் மென்ற குழுவில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை.

இ-தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே போய் இந்த யோசனையைச் சொல்லி, மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுக்க, அந்த நிம்மதியில் மற்றதைச் சொல்லாமலே திரும்பி வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

6

பத்து ஐம்பது. அக்கா வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறார். சீருடை இல்லாமல் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறார்.

“என்ன எழுதுற?”

கதை என்றேன்.

“உள்ள காகிதம் விடமாட்டாங்க.”

இது அட்டைதானேக்கா என்றேன்.

“அட்டையும் காகிதந்தான். நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்.” பிறகு என் வாயைப் பார்த்து, “ஈறு ஆறிடுச்சா?” என்றார்.

ஆறிவிட்டது என்று தலையாட்டினேன்.

ஆகவே வாசகரே, விஷயம் இதுதான். உள்ளே போவதென்றால் பேனாவையும் அட்டையையும் இந்த பெஞ்சிலேயே விட வேண்டும். எழுத்து தொடர்ந்தால் நான் போகவில்லை. எழுத்து நின்றுவிட்டால் போய்விட்டேன் என்று நம்பிவிடாதீர்கள். அட்டையில் இடம் தீர்ந்திருக்கலாம். அடுத்த வரிக்குப் பிறகு நடப்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள். கைக்கடிகாரத்தையும் வளையல்களையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, கருவியைச் சத்தமில்லாமல் கடந்தார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, பூட்டு விழுந்தது.