ரூஷாவின் குரல் முந்தி வந்தது

ரூஷா கத்துவதற்குப் பத்து வருடம் முன்பே அந்தக் கத்தல் எங்கள் பள்ளத்தாக்கில் கேட்டது. பெரிய போர் முடிந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. உருளைக்கிழங்கு தோண்டுகிற அக்டோபர் மாதம். மிச்சமிருந்த ஜனமெல்லாம் வயலில் குனிந்திருந்தது. வ்ரானா பாறையின் நெற்றியிலிருந்து ஒரு பெண்குரல் கிளம்பி, ஆற்றைத் தாண்டி, தேவாலய மணிக்கூண்டில் மோதி, எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. “யேலா, கதவத் தொறக்காத!” என்றது. எல்லோரும் நிமிர்ந்து ரூஷாவைப் பார்த்தார்கள். போன மாதம்தான் டானேயைக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். கூடையை இடுப்பில் அணைத்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். ஆனால் குரல் அவளுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. கூடை கையிலிருந்து நழுவி, கிழங்குகள் சரிவில் உருண்டு போயின. ஒருவரும் பொறுக்கவில்லை.

எங்கள் மாவட்டத்தில் மனிதர்களைவிடக் கரடிகள் அதிகம், கரடிகளைவிடக் கற்கள் அதிகம். ஆறுகூட இங்கே நிலைத்து ஓடுவதில்லை. வ்ரானா பாறையின் அடியில் ஒரு பொந்துக்குள் இறங்கிவிடுகிறது, எங்கே வெளியே வருகிறது என்று இன்றுவரை சர்ச்சை. அந்தப் பாறை சாதாரணக் கூப்பாட்டை எதிரொலிப்பதில்லை. நாயைக் கூப்பிட்டாலும் மாட்டைத் திட்டினாலும் பேசாமல் இருக்கும். உயிரைத் தொடுகிற சத்தங்களை மட்டும் திருப்பித் தரும், அவற்றையும் முன்கூட்டியே தந்துவிடும். எங்கள் பாட்டன்மார் காலத்தில் வசந்தத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டது, பட்டாளம் வந்ததோ இலையுதிர் காலத்தில். அதற்குள் ஊர் காலியாகிவிட்டதால் பட்டாளத்துக்குப் பூனைகள்தான் கிடைத்தன. மரம் வெட்டும் யூக்கோ, தான் உயரத்திலிருந்து விழுகிற கத்தலைத் தானே கேட்டான். அன்றோடு கோடரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மரத்தின் பக்கமே போகாமல், தேவாலயத்தில் மணியடிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். ஒன்பதாவது வருடம் மணிக்கூண்டு ஏணியிலிருந்து விழுந்தான். கேட்டவர்கள் சொன்னார்கள், அதே கத்தல், கடைசியில் வந்த விக்கல் உட்பட.

அதனால் ரூஷா பயந்தாள். அவளைவிட டானே பயந்தான், ஊர் இரண்டு பேரையும்விட அதிகமாகப் பயந்தது. யேலா யார், எந்தக் கதவு, கதவுக்கு அந்தப்பக்கம் என்ன நிற்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. பள்ளத்தாக்கில் யேலா என்ற பெயரில் இருந்தவள் ஒருத்திதான், மாவுமில்காரனின் விதவை. அவள் அந்த வாரமே மூட்டை கட்டிக்கொண்டு கடலோரத்தில் இருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது மில்லின் கதவைச் சாத்தாமல் போனாள். அதற்குப் பிறகு எந்தப் பெண்குழந்தைக்கும் அந்தப் பெயரை வைக்கவில்லை. எங்கள் பாஷையில் தேவதாரு மரத்துக்கும் அதே பெயர் என்பதால், மலை முழுக்க நிற்கிற மரத்தை ‘அந்த மரம்’ என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

டானே யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். முதல் பனி விழுமுன் வீட்டின் கதவுகளையெல்லாம் கீலோடு கழற்றினான். தொழுவம், கோழிக்கூண்டு, அலமாரி, எதையும் விடவில்லை. வாசலில் ஆட்டுத்தோல்களைத் தைத்துத் தொங்கவிட்டான். “கதவு இருந்தாத்தானே தொறக்கிறதும் தொறக்காததும்,” என்றான். குளிர்காலம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுப்பருகே வைத்த பாலும் உறைந்தது. ஒருமுறை கரடி தோலை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு பீப்பாய் புளித்த முட்டைக்கோஸைத் தின்றுவிட்டு, வந்த வழியே போனது. டானே சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தானே தவிர ரூஷாவைக் கூப்பிடவில்லை, அவள் கத்திவிடுவாளோ என்று.

ரூஷா கத்தவில்லை. அன்று வயலிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் குரலை உயர்த்தியதே இல்லை. காற்றில் தாள் உரசுவதுபோலப் பேசினாள். தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓடினாள். கத்தாமலே இருந்துவிட்டால் அந்த நாள் வராது என்பது அவள் கணக்கு. யூக்கோவும் இப்படித்தான் கணக்குப் போட்டான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மூன்றாவது வருடம் அவளுக்குப் பிரசவம் ஆனபோது, வார்ப்பட்டையைக் கடித்துக்கொண்டு சத்தமே போடாமல் பெற்றாள். மருத்துவச்சி அந்த மௌனத்துக்குப் பயந்து, கை கழுவியதும் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். பெண்குழந்தை. ஸ்தானா என்று பெயர் வைத்தார்கள். ‘நிற்கட்டும்’ என்று அர்த்தம். எது நிற்க வேண்டும் என்று பாதிரியார் ஞானஸ்நானத்தில் கேட்கவில்லை.

ஸ்தானாவுக்கு ஏழு வயது நெருங்கும்போது, மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்துக்கு மாவட்டத்திலிருந்து புது ஆசிரியை வந்தாள். வாரம் ஒருமுறை வரும் பஸ்ஸிலிருந்து இறங்கி, கடைக்குள் வந்து, அங்கே சாராயம் குடித்துக்கொண்டிருந்த எல்லோரிடமும் கைகுலுக்கித் தன் பெயர் யேலா என்று சொன்னாள். வனக்காவலர் ஷிமே மெல்ல எழுந்து அவளுக்குப் பின்னால் போய், கடைக்கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்குக் கதவு திறந்துவிட யாராவது முந்திக்கொண்டு ஓடினார்கள். அடுத்த ஞாயிறு ஷிமேயும் இன்னும் இரண்டு பேரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார்கள். பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள்.

“மாத்திக்கிறேனே,” என்றாள் யேலா. “உங்க பாறைய மொதல்ல மாத்திக்கச் சொல்லுங்க. அப்புறம் நான் மாத்திக்கிறேன்.”

முதல் சில மாதங்கள் வீம்புக்காகவே கண்ணில் பட்ட கதவையெல்லாம் திறந்தாள். கடையின் கதவு, மணிக்கூண்டின் கதவு, தபால் அலுவலகத்தின் இரும்புப் பெட்டி. அவள் கை தாழ்ப்பாளை நோக்கிப் போகும்போதெல்லாம் தெருவில் நடப்பவர்கள் நின்றுவிடுவார்கள். பிள்ளைகள் அவளைப் பார்த்ததும், “டீச்சர், கதவத் தொறக்காதீங்க,” என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பயம் குளிரைப்போல, இடுக்கு வழியாகத்தான் வரும். ஒரு வருடம் கழியும் முன் அவள் தாழ்ப்பாளைத் தொடுவதற்குமுன் ஒரு மூச்சு நிறுத்திக் காதுகொடுப்பதை ஷிமே கவனித்தார்.

ஸ்தானாவை ரூஷா பள்ளிக்கு அனுப்பவில்லை. அதைக் கேட்க யேலாவே நடந்து வந்தாள். தட்டுவதற்குக் கதவு இல்லாததால் ஆட்டுத்தோலுக்கு வெளியே நின்று இருமினாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. ரூஷாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

“போயிடுங்க டீச்சர்,” என்றாள், உதடு மட்டும் அசைய. “உங்க பேர நான் சொல்லக்கூடாது. நீங்க என் பக்கத்துல நிக்கவே கூடாது.”

“உங்க பொண்ணு யார்கிட்டயும் காதுல சொல்ற மாதிரி பேசறா. ரகசியமாவே பேசறா. வெளியூருக்குப் போனா அவள ஊமைன்னு நெனைப்பாங்க, தெரியுமா?”

“உசுரோட இருக்கற ஊமையா இருக்கட்டும்.”

யேலா, பள்ளிக்கூடத்தின் கதவைத் தான் ஒருநாளும் தொடமாட்டேன், பிள்ளைகளே திறப்பார்கள், மூடுவார்கள் என்று சத்தியம் செய்தாள். சிரிக்காமல்தான் சொன்னாள். ரூஷாவைச் சம்மதிக்க வைத்தது சத்தியமல்ல, அந்தப் பெண்ணின் கண்ணிலும் பயம் இருந்தது என்பதுதான். மறுநாளிலிருந்து ஸ்தானா பள்ளிக்குப் போனாள்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு வாரம் விடாமல் பனி பொழிந்தது. ஆட்கள் ஜன்னல் வழியாக வெளியே வந்தார்கள். எட்டாம் நாள் திடீரென்று வானம் விட்டது. தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசியது, கூரைகள் சொட்டின. பள்ளிக்கூடம் மலைச்சரிவின் காலடியில் இருந்தது. நாள் கணக்காக வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகள் முற்றத்துக்கு விடச்சொல்லி நச்சரித்தார்கள். காலையில் உள்ளே வந்து சாத்திய கதவு ஈரத்தில் ஊறி, தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. பெரிய பையன்கள் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தும் அசையவில்லை. யேலா கொஞ்சம் யோசித்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு தானே எழுந்து வந்தாள்.

அதே நேரம் ரூஷா எதிர்ப்பாதையில் வந்துகொண்டிருந்தாள். ஸ்தானா மறந்துவிட்டுப் போன கம்பளித் துண்டு அவள் கையில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் கும்பலாக நிற்பதையும், நடுவில் ஆசிரியையின் கை கதவை நோக்கிப் போவதையும் பார்த்தாள். பிறகு ஏனோ தலையை உயர்த்தினாள். பள்ளிக்கு மேலே சரிவின் குறுக்கே, மயிரிழைபோல, பனி பிளந்து ஒரு நீலக்கோடு விழுந்திருந்தது. அது மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது. பிற்பாடு அவள் சொன்னாள், பயம் அந்த இடத்தில் சட்டென்று நின்றுவிட்டதாம். வார்த்தை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, வாயைத் திறந்து விட்டால் போதும் என்றிருந்ததாம்.

“யேலா, கதவத் தொறக்காத!”

கண்ணாடியும் கல்சுவரும் காற்றும் குறுக்கே இருந்தன. வேறு ஊராக இருந்தால், வேறு ஆசிரியையாக இருந்தால், யாரோ ஏதோ கத்துகிறார்கள் என்று என்ன ஏதென்று பார்க்கக் கதவைத் திறந்திருப்பாள். யேலாவோ இந்த ஐந்தாறு மாதமாக ஒவ்வொரு தாழ்ப்பாளின் முன்னும் அந்தக் குரலுக்குத்தான் காதுகொடுத்துக்கொண்டிருந்தாள். சுட்டதுபோலக் கையை எடுத்தாள். பிள்ளைகளை வாரி எடுத்துப் பின்சுவருக்கு ஓடினாள். மலை இறங்கியது. முற்றம், கொடிக்கம்பம், விறகுக்கொட்டகை எல்லாவற்றையும் பனி எடுத்துக்கொண்டு, கதவில் மேல்சட்டம் வரை ஏறி நின்றது. கதவு தாங்கியது.

பிள்ளைகளைக் கூரை ஓட்டைப் பிரித்து எடுத்தார்கள். ரூஷாவைக் கண்டுபிடிக்கச் சாயங்காலம் வரை ஆயிற்று. வாதுமை மரத்தின் மேல் சாய்ந்தபடி நின்ற நிலையில் புதைந்திருந்தாள். வாய் திறந்திருந்தது, அதற்குள் பனி. டானே விரலால் பனியைத் தோண்டி எடுத்ததும் மூச்சு வந்தது. குரல் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தபோது அது பழைய தாள் உரசலாகத்தான் வந்தது.

ஊருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஷிமே கெட்ட எண்ணம் இல்லாமல்தான் கடையில் ஒன்று சொன்னார்: அந்த மாதிரி நாளில் சரிவுக்குக் கீழே இருமக்கூடக் கூடாது, அவ்வளவு பெரிய கத்தல் எந்தப் பனியையும் இறக்கிவிடும். டானே மேஜையைத் தாண்டி அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. ரூஷாவின் காதுக்கும் போனது. ஒருநாள் யேலா ஆட்டுப்பால்கட்டியோடு அவளைப் பார்க்க வந்தபோது ரூஷாவே அந்தப் பேச்சை எடுத்தாள்.

“நான் கத்தலேன்னா அது எறங்கியிருக்குமா?”

“நீங்க கத்தலேன்னா நான் தொறந்திருப்பேன்.”

“தொறந்திருந்தா, புள்ளைங்க கொஞ்ச நேரம் விளையாடிட்டு உள்ள வந்திருக்கலாம். ஒண்ணுமே ஆகாமப் போயிருக்கலாம்.”

யேலா பால்கட்டியை அடுப்பருகே வைத்தாள். “கோடு முன்னாடியே விழுந்திருச்சுன்னு சொன்னீங்களே?”

“சொன்னேன். இப்ப கண்ண மூடினா கோடும் தெரியுது, என் சத்தமும் கேக்குது. எது மொதல்லன்னு தெரியல, டீச்சர்.”

அந்த வசந்தத்தில் டானே கதவுகளை மறுபடி மாட்டினான். ரூஷா அவற்றைச் சாத்தவிடவில்லை. இன்னும் கொஞ்ச காலம் பயந்தாள், பிறகு அதுவே அவள் சுபாவம் என்று ஆகிவிட்டது. ஸ்தானா சத்தமாகப் பேசப் பழகி, ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளரானாள். யேலா ஷிமேயைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளைகள் குறைந்து பள்ளி மூடப்பட்டது, பஸ் நின்றது. இன்னொரு போரின் சத்தமும் பாறையிலிருந்து முன்கூட்டியே வந்தது. பெட்டிகளைக் கட்டிக்கொண்டு இளசுகள் போய்விட்டார்கள், போர் முடிந்த பிறகு திரும்பவில்லை. டானேயை அடக்கம் செய்தபோது சவப்பெட்டியைத் தூக்க பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்களை அழைத்து வந்தோம்.

வ்ரானா பாறை கடைசியாகப் பேசியது அந்த வருடம்தான். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக ஒரு முனகல்கூட இல்லை. முதலில் நல்லது என்று நினைத்தோம். பிறகுதான் யேலா கணக்குப் பார்த்துச் சொன்னாள்: கத்த ஆளிருந்தால் கேட்டிருக்குமே. கேட்ட கத்தல்களில் எவை நடந்தன, எவை பாக்கி என்று உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தோம். ஒவ்வொன்றாக எல்லாம் நடந்து முடிந்திருந்தன. பாக்கி ஒன்றே ஒன்றுதான், அந்தக் கடைசிச் சத்தம். பிறந்த குழந்தையின் முதல் அழுகை. நல்ல நெஞ்சுள்ள குழந்தை, விடாமல் அழுதது. இங்கே இப்போது எல்லோரிலும் இளையவன் தோமே, அவனுக்கு அறுபத்திரண்டு. யார் வரப்போகிறார்கள், எங்கிருந்து, எதற்காக இந்த மலைக்கு என்று தெரியாது. அந்தக் குழந்தை அழுத பிறகு என்ன என்பதையும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பள்ளிக்கூடத்தின் பக்கத்து வீட்டைச் சுத்தம் செய்து, படுக்கை போட்டு வைத்திருக்கிறோம். அக்டோபரிலிருந்து மே வரை அங்கே அடுப்பு அணையாமல் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். இந்த வாரம் விறகு ரூஷாவின் முறை. அவளால் தூக்க முடியாது என்பதால் தோமே கொண்டுபோய்ப் போடுகிறான், அவள் கூடவே போய் எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.