மூன்றாம் ஜாடியின் பட்டினி

முதல் ஜாடி நுரைத்துப் பொங்கியது. மூன்றாம் ஜாடி பட்டினி கிடந்தது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு முழு மேசையை அடைத்துக்கொண்டு நின்றது அவள் கட்டிய கண்ணாடிக் குடல். முன்னால் வயிறாக ஒரு குடுவை. அதன் பின்னே பெருங்குடலின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று ஜாடிகள். ஜாடிகளுக்குள் இருந்தவை அவள் தம்பியின் குடல் பாக்டீரியாக்கள். "வேற யாருகிட்டயும் வாய்விட்டுக் கேக்க முடியலடா" என்று அவள் தலையைச் சொறிந்தபோது, அவன் மல மாதிரி அடைத்த ஒரு டப்பாவை நீட்டி, "என் சொத்து, பத்திரம்" என்றிருந்தான்.

அவற்றுக்கு உணவாக, வயிற்றுக் குடுவை வழியே விடும் ஊட்டத்தில் அவள் கலந்தது சிக்கரி வேரிலிருந்து எடுத்த நார். சர்க்கரை மணிகளைக் கோத்த நீளமான மாலை அது. அதை அறுக்கும் கத்தரி நம் உடம்பில் கிடையாது. சில நல்ல பாக்டீரியாக்களிடம்தான் உண்டு. அவை நிதானமாக அறுத்துத் தின்னும், மிச்சம் கடைசி ஜாடிவரை போகும். சோதனையின் முதல் சுற்றில் அப்படித்தான் நடந்தது. இந்தச் சுற்றில் முதல் ஜாடியில் கண்டதெல்லாம் பெருகிற்று. நல்லவை ஏறவே இல்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் பாரும்மா," என்றார் பேராசிரியர். "இல்லேன்னா எல்லாத்தையும் கொட்டிட்டு வேற ஆளோட மாதிரிய எடுப்போம். உன் தம்பி குடல் சரியில்ல போல."

கொட்டினால் பல மாத உழைப்பும் சேர்ந்து போகும். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த தம்பிக்கோ வேறு கவலை.

"என் குடல் மேலயா பழி? முதல் தடவ தங்கம்னு சொன்னியேக்கா!"

"கத்தாதடா. அதே தங்கம்தான் இப்பவும் உள்ள இருக்கு."

சொன்ன வாயோடு அவள் நின்றுவிட்டாள். பாக்டீரியா அதே, நாரும் அதே பொட்டலம். அப்படியானால் மாறியது அவள் கை. முதல் சுற்றின் கடைசியில் ஊட்டத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. சூடு கண்ட பூனைபோல், இந்த முறை நாரையும் ஊட்டத்தோடு சேர்த்து, கிருமி கொல்லும் நீராவிக் கொப்பரையில் வேகவைத்திருந்தாள். ஊட்டத்திலோ, வயிற்றுக்கு ஏற்றபடி முன்கூட்டியே அமிலம் சேர்ப்பது அவர்கள் வழக்கம்.

வெந்த பாட்டில்கள் இரண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். நார் இல்லாதது வெளிறிய மஞ்சள். நார் கலந்தது ஒரு சாயல் கூடுதல் பழுப்பு.

"டேய், அந்த நீலக் கரைசல எடு."

"பள்ளிக்கூடத்துல சர்க்கரை இருக்கான்னு பாப்போமே, அதுவா? அக்கா, நீ பெரிய விஞ்ஞானின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"எடுடான்னா!"

மூன்று குழாய்களில் ஊட்டத்தோடு அந்தக் கரைசலைக் கலந்து சூடாக்கினாள். வேகாத நார் கலந்ததும், நார் இல்லாமல் வெந்ததும் ஏறக்குறைய நீலமாகவே நின்றன. நாரோடு வெந்தது செங்கல் சிவப்பாகிவிட்டது: சர்க்கரை.

அமிலமும் சூடும் சேர்ந்து மாலையைப் பாட்டிலுக்குள்ளேயே அறுத்துவிட்டன. ஜாடிக்குப் போனது நார் அல்ல, உதிர்ந்த சர்க்கரை. அதைத் தின்னக் கத்தரி எதற்கு? வாசலில் நின்ற எல்லாரும் அள்ளித் தின்றுவிட்டார்கள். கடைசி வீட்டுக்கு ஒன்றுமில்லை.

"அப்ப என் குடல்?"

"உன் குடல் உத்தமன்டா."

திங்கட்கிழமை பேராசிரியர் மூன்று குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கொட்ட வேண்டாம்," என்றார். ஊட்டத்தை மாற்றியபின் நுரை அடங்கியது. சில வாரங்களில் மூன்றாம் ஜாடியிலும் நல்லவை பெருகத் தொடங்கின.

கொப்பரையின் மேல் அவள் ஒரு தாளை ஒட்டினாள்: நாரை அமில ஊட்டத்தோடு வேகவைக்காதீர்கள். தனியே தண்ணீரில் கரைத்து, கிருமி புகாத நுண்வடிகட்டியில் வடித்து, ஊட்டம் ஆறிய பிறகு சேருங்கள்.